முகாம் இல்லாத ஸ்டாக்கேட்: ஆறு வருடத்துக்குப் பிறகு

முகாம் போகாமல் சபையில் பையன்களுக்கு வாரக் கூடுகை நடத்த முடியுமா என்று வேறொரு சபையில் ஊழியம் செய்யும் நண்பர் கேட்டார். முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எரிச்சல் வேறொரு இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்கச் சபைகளில் இந்த மாதிரித் திட்டங்கள் பல உண்டு. 1962-இல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபைப்பிரிவு தொடங்கிய ராயல் ரேஞ்சர்ஸில் கூடாரமும் காடும் பெரிய இடம் பிடிக்கும். 1937-இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய கிறிஸ்டியன் சர்வீஸ் பிரிகேட் என்ற பையன்கள் அமைப்பின் ஸ்டாக்கேட் பிரிவைத்தான் நாங்கள் எடுத்தோம். வயது 8 முதல் 11 வரை. அங்கும் முகாம் உண்டு, ஆனால் அதை எடுத்துவிட்டால் மற்றவை சரிந்து விழுவதில்லை. விளையாட்டு, கைவேலை, வேதக்கதை ஆகிய மூன்றும் தனித்தனியே நிற்கும்.

முகாமை ஏன் விட வேண்டும்? பெற்றோர் பிரிந்து வாழும் வீட்டில் எந்த வார இறுதி யாருடையது என்பதே தீராத பேச்சு. எட்டு வயதில் இன்னும் படுக்கை நனைக்கும் பையன் இரவுத் தங்கல் என்றாலே காய்ச்சல் என்று சொல்லிவிடுவான். சனிக்கிழமை வேலைக்குப் போகும் அப்பாக்களும் உண்டு. இவர்களை வெளியே தள்ளிவிட்டு நடத்தும் முகாம் யாருக்காக? கணக்கும் பாருங்கள்: வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை சுமார் 42 மணி நேரம், அதில் தூக்கமே 16 போய்விடும். வாரம் ஒன்றரை மணி வீதம் 30 வாரம் நடத்தினால் 45 மணி நேரம், அத்தனையும் விழித்திருக்கும் நேரம்.

ஒன்றரை மணியை அடுக்கும் வரிசைதான் முக்கியம். முதலில் 20 நிமிடம் விளையாட்டு, அடுத்து 35 நிமிடம் கைவேலை, 20 நிமிடம் வேதக்கதையும் மனப்பாட வசனமும், மிச்சம் ஜெபமும் அறிவிப்பும் சுத்தம் செய்தலும். விளையாட்டு முடிந்ததும் நேரே வேதக்கதைக்கு உட்கார வைத்தால் ஒருவனும் கேட்கமாட்டான், மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். நடுவில் உப்புத்தாள் தேய்த்த பையன்தான் அமைதியாக வந்து உட்காருவான். எந்த நேரமும் அறையில் குறைந்தது இரண்டு பெரியவர்கள், அதுவும் பின்னணிச் சரிபார்ப்பு முடித்தவர்கள். இதில் விட்டுக்கொடுத்தல் கிடையாது.

எதிர்பாராத மகிழ்ச்சி மரக்கார்ப் பந்தயம், அதாவது பையன்கள் மரக்கட்டையில் செய்த சிறு கார்களைச் சரிவான தடத்தில் ஓடவிடும் பைன்வுட் டெர்பி. 1953-இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் கப் ஸ்கவுட் (சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவு) தலைவர் டான் மர்ஃபி தொடங்கியது, இன்று சபைத் திட்டங்களிலும் பரவிவிட்டது. 7 அங்குல நீளம், 1¾ அங்குல அகலம், 1¼ அங்குல உயரமுள்ள பைன் கட்டை ஒன்று, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சாக நான்கு ஆணி. மொத்த எடை 5 அவுன்ஸைத் தாண்டக்கூடாது. நாங்கள் ஆறு வாரமாகப் பிரித்திருக்கிறோம்: தாளில் வரைந்து கட்டையில் பதித்தல், ரம்பத்தால் வெட்டுதல், 80, 150, 220 என்று மூன்று தர உப்புத்தாளில் தேய்த்தல், அக்ரிலிக் வண்ணம் இரண்டு பூச்சு, சக்கரமும் எடையும், கடைசியில் பந்தயம்.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஐந்தாம் வாரம். சுத்தியலால் ஆணியை அடித்தால் கட்டையின் ஓரம் பிளந்துவிடும். குறடால் பிடித்து, மெல்லத் திருகியபடி அழுத்த வேண்டும். சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு கிரெடிட் கார்டு நுழையும் இடைவெளி போதும். அதைவிட நெருக்கினால் சக்கரம் உரசும். ஆணித்தலைக்குக் கீழே இருக்கும் பிசிறை முதலில் அரத்தால் எடுக்காவிட்டால் உராய்வைக் குறைக்க எத்தனை கிராஃபைட் பொடி போட்டாலும் பயனில்லை. எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 5 அவுன்ஸை எட்டுவதற்காகச் சேர்க்கும் எடைக்கு ஈயம் கூடாது, குழந்தைகள் தொடும் பொருள். துத்தநாகமோ டங்ஸ்டனோ வாங்குங்கள். எடையின் மையம் பின் அச்சுக்குச் சற்றே முன்னால், முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குள் இருக்கட்டும். வண்ணமும் சில கிராம் சேர்க்கும், அதனால் எடையை முழுதாக ஒட்டிவிடாமல் கடைசி இரண்டு துண்டைத் திருகாணியில் மாட்டுங்கள். பந்தய நாளில் எடை பார்க்க ஒரே தராசு, வேறு எதிலும் பார்க்கக்கூடாது. இரண்டு தராசு இரண்டு எடை காட்டினால் அன்று மாலை முழுக்கத் தகராறுதான்.

தோற்றவனை வெளியேற்றும் முறையில் நடத்தாதீர்கள். ஆறு வாரம் தேய்த்த பையன் இரண்டே ஓட்டத்தில் முடித்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான்கு தடம் இருந்தால் ஒவ்வொரு காரும் ஒவ்வொரு தடத்திலும் ஒரு முறை ஓடட்டும். 12 பையன்களுக்கு 12 ஓட்டம், ஓட்டத்துக்கு இரண்டு நிமிடம் வைத்தால் அரை மணிக்குள் முடிந்துவிடும். தடங்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதால் இதுதான் நியாயமும்கூட.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். முகாம் இல்லாத, நெகிழ்வான திட்டம் என்று சொன்னதும் பெற்றோர் அதை ‘வந்தால் வரலாம், வராவிட்டால் பரவாயில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். விளையாட்டிலும் கதையிலும் ஒரு வாரம் விட்டால் தெரியாது. மரக்காரில் தெரியும். வெட்டும் வாரம் வராத பையன் தேய்க்கும் வாரம் வெறும் கட்டையோடு நிற்கிறான். அதைச் சரிசெய்ய அவன் அப்பா கட்டையை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். திரும்பி வருவது பளபளக்கும், மின்ரம்பத்தில் வெட்டிய, பையனின் கை ஒரு நிமிடமும் படாத கார். அது முதலிடம் பிடிக்கிறது. தன் கையால் கோணலாக வெட்டியவன் அதைப் பார்க்கிறான். என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது இந்த ஒன்றுதான். அந்த அப்பாவின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூடுகையின் நோக்கத்தையே அது அழித்துவிடுகிறது. இயேசுவைப் பற்றி லூக்கா 2:52 சொல்லும் ஞானமும் வளர்த்தியும் அப்பாவின் ரம்பத்திலிருந்து வருமா?

இரண்டு வழி முயன்றோம். ஒன்று, கட்டை சபையை விட்டு வெளியே போகக்கூடாது என்ற விதி. பையனின் பெயர் எழுதிய ஜிப் பையில் போட்டு அங்கேயே வைத்தோம். இரண்டு, தவறவிட்டவர்களுக்கென்று ஒரு தனி மேசை, அதற்கென்றே ஒரு பெரியவர். மேசை நன்றாக வேலை செய்தது. ஆனால் 12 பையன்களுக்கு மூன்று ஆண்கள்தான் என்றால் ஒருவர் ரம்பத்திடம், ஒருவர் டிரில்லிடம், மேசைக்கு மூன்றாமவர், பொதுவாகப் பார்க்க யாருமில்லை. நான்கு பேர் வேண்டும். விதியோ, ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் “ஒரே ஒரு இரவு” என்று கேட்கும்போது தளர்ந்துவிடுகிறது. ஜிப் பைகளைத் திறந்த அலமாரியில் வைத்தால் அது விதியே இல்லை.

ஆகவே நண்பருக்கு: முகாமை விடுங்கள், வாரக் கூடுகையைத் தொடங்குங்கள், மூன்று ஆண்கள் போதும். மரக்கார்ப் பந்தயம் இந்த வருடம் வேண்டாம். எதிர்பாராத மகிழ்ச்சி அதுதான் என்று மேலே நான்தான் எழுதினேன், இருந்தாலும் வேண்டாம். நான்காவது ஆள் கிடைத்து, பூட்டக்கூடிய அலமாரியும் சாவியும் கையில் வந்த பிறகு கட்டைகளை வாங்குங்கள்.