தார்க்கலவைட அடர்த்தி பாக்கிற வெற்றிட சீலிங் மெஷின்: எட்டு மாசம் பாவிச்சுப் பாத்ததுல

மட்டக்களப்புல றோட்டு வேலை லாப் ஒண்டுல தார்க்கலவை டெஸ்ட் செய்யிறன், எட்டு மாசமா இந்த மெஷின் எங்கட்ட இருக்கு, வாங்க யோசிக்கிற ஆக்களுக்காக எழுதுறன்.

இதுக்கு முதல் எல்லாக் கோரையும் (றோட்டுல துளைச்சு எடுக்கிற உருளைத் துண்டு) துவாய் முறையிலதான் பாத்த நாங்க. காய்ஞ்ச கோரை நிறுத்து, 25 பாகைத் தண்ணிக்குள்ள நாலு நிமிசம் போல தொங்கவிட்டு நிறுத்து, பிறகு வெளிய எடுத்து ஈரத்துவாயால சட்டெண்டு ஒத்திப்போட்டு திரும்ப நிறுக்கிறது. நெருக்கமான கார்பட் கலவைக்கு இது தாராளமாக் காணும், இப்பவும் அதுகளுக்கு நான் துவாயத்தான் எடுக்கிறன். பெரிய கல்லுக் கலவைதான் பாடு. தண்ணியால தூக்கின உடனே ஓட்டைக்குள்ள நிண்ட தண்ணி வடிஞ்சிரும், அந்த இடம் கணக்குலயே வராது, கனவளவு குறைஞ்சு அடர்த்தி கூடக் காட்டும். உறிஞ்சின தண்ணி கனவளவுல 2 வீதத்தத் தாண்டினா இந்த முறை சரிவராது எண்டு இந்த டெஸ்டுக்கான அமெரிக்க நியமம் ஆஷ்டோ டி 166லயே கிடக்கு. மெழுகு பூசியும் பாக்கலாம், ஆனா பிறகு அந்தக் கோரை வேற டெஸ்டுக்கு எடுக்கிறது பெரும் கரைச்சல்.

மெஷின்ல கோரை பைக்குள்ள வச்சு மூடினாச் சரி, காத்த இழுத்துட்டு தானா ஒட்டிரும், அப்பிடியே தண்ணிக்குள்ள நிறுத்து பைட கனவளவக் கழிக்கிறதுதான். போன மாசம் ஒரு கோர், காய்ஞ்ச நிறை 1180 கிராம். துவாய் முறையில கனவளவு 506 சிசி, அடர்த்தி 2.332. பையில 514, அடர்த்தி 2.296. ரைஸ் டெஸ்ட்ல உச்ச அடர்த்தி, அதாவது காத்து இடைவெளியே இல்லாட்டி கலவைக்கு வாற அடர்த்தி, 2.490 வந்திருந்துது, அப்ப காத்து இடைவெளி துவாயில 6.3 வீதம், பையில 7.8. ஒரே கோர்! துவாய்க் கணக்க நம்பி முந்தி பாஸ் எண்டு எழுதிக் குடுத்த றோட்டுகள நினைச்சு அண்டைக்கு எனக்கு நித்திரையே வரல்ல.

குறையும் இருக்கு. கூர்க்கல்லு பையக் குத்திரும், கண்ணுக்குத் தெரியாது. அதால தண்ணிக்குள்ள நிறுத்து முடிய பைய வெட்டி கோரைத் திரும்ப நிறுங்க, நிறை கூடியிருந்தா பைக்குள்ள தண்ணி போயிருக்கு, புதுப் பையில திரும்பச் செய்யத்தான் வேணும். விளிம்புல துருத்திக்கொண்டு நிக்கிற கல்ல முதலே தேய்ச்சு விட்டா கன பை மிச்சம். மாரிக்க கோர் காயவே மாட்டுது, 52 பாகையில வச்சு நிறை மாறாம வாற வரைக்கும் பொறுக்கணும், அவசரப்பட்டா எந்த மெஷினும் சரியான கணக்குத் தராது.

விலை கூடத்தான். பையும் ஒருக்காத்தான் பாவிக்கலாம், இஞ்ச கடையில எடுக்கேலா, கொழும்பால வரணும், அதால வேலை தொடங்க முதலே ரெண்டு பெட்டி சேத்து எடுத்து வையுங்க.