தம்பிய சேத்த மனநல ஆஸ்பத்திரி ரிவ்யூ: டாக்டர் ஓகே, ஆபீஸ் ரூம் மோசம்

மதுரை பக்கம் இருக்குற ஒரு பிரைவேட் மனநல ஆஸ்பத்திரி, பேரு போடல. அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுப்பேன். வைத்தியத்துக்கு குறை இல்ல, ஆனா ஒருத்தர அவர் சம்மதம் இல்லாம உள்ள வைக்கும்போது ஃபாலோ பண்ண வேண்டிய சட்டத்த இவங்க ஜெராக்ஸ் பேப்பர் அளவுக்குத்தான் மதிக்கிறாங்க.

தம்பி சாப்பாட்டுல நாங்க விஷம் வைக்கிறோம்னு சாப்பிடுறத நிறுத்திட்டான், குளிக்கல, அம்மாவ கைய ஓங்கிட்டு வந்தான். மொதல்ல வேற ஒரு சென்டருக்கு போன் போட்டோம், அட்ரஸ் மட்டும் அனுப்புங்க சார் நாலு பசங்க வந்து தூக்கிட்டு வந்துருவாங்க, ஆனா மூணு மாசம் யாரும் பாக்க வரக்கூடாதுன்னு ஏதோ ஃப்ரிட்ஜ் டெலிவரி மாதிரி பேசுனாங்க. போலீஸே ஒருத்தர கூட்டிட்டு போனாலும் லாக்கப்ல வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரில காட்டணும், இவங்க யாரு வீடு புகுந்து தூக்க? போன வச்சுட்டேன்.

இந்த ஆஸ்பத்திரி டாக்டர் அந்த விஷயத்துல தங்கம். 2017 மனநல சட்டம், செக்‌ஷன் 89னு சொல்லி பொறுமையா வெளக்குனாரு. தன்னையே காயப்படுத்திக்கப் பாக்கணும், இல்ல அடுத்தவங்கள அடிக்கணும் இல்ல அடிச்சுருவானோன்னு பயப்பட வைக்கணும், இல்ல தன்னத்தானே பாத்துக்க முடியாத நெலமைல இருக்கணும், இதுல ஒண்ணு சமீபத்துல நடந்திருந்தாத்தான் சேக்க முடியுமாம். அதுவும் ஒரு சைக்யாட்ரிஸ்ட், கூட இன்னொரு டாக்டரோ மனநல நிபுணரோ, ரெண்டு பேரும் தனித்தனியா பாத்து ஒத்துக்கணும். வீட்டாளு எழுதிக் குடுத்தா மட்டும் பத்தாது. அதிகபட்சம் 30 நாள், அதுக்கு மேல வைக்கணும்னா ரெண்டு சைக்யாட்ரிஸ்ட் பாத்து ரிவ்யூ போர்டு (இந்த மாதிரி சேக்கறத மேல இருந்து கவனிக்க இந்த சட்டத்துல இருக்குற போர்டு) பர்மிஷன் வேணும். இவ்ளோ தெளிவா யாரும் எங்களுக்கு சொன்னதில்ல.

அதே டாக்டரோட ஆஸ்பத்திரில கீழ ஆபீஸ் ரூம்ல என்ன நடந்துச்சுன்னா, ஒரு கட்டு பேப்பர் நீட்டி பென்சில் டிக் போட்ட எடத்துல எல்லாம் சைன் பண்ணுங்கன்னாங்க. பொரட்டிப் பாத்தா ரெண்டாவது டாக்டர் பாத்ததா இருக்குற ஷீட்ல கையெழுத்தும் சீலும் ரெடி, தேதி இல்ல, தம்பி பேரே இன்னும் எழுதல, அந்த டாக்டர் மூஞ்சிய நாங்க பாக்கவே இல்ல! கேட்டா "எல்லாருக்கும் இப்படித்தான் சார், ஃபார்மாலிட்டி"ங்கறாங்க. நான் சைன் பண்ண மாட்டேன்னு உக்காந்தப்புறம்தான் அந்த ரெண்டாவது டாக்டர் எறங்கி வந்து தம்பி பக்கத்துல உக்காந்து பேசுனாரு. நல்லாத்தான் பேசுனாரு, அத மொதல்லயே பண்ணா என்ன? 7 நாளைக்குள்ள போர்டுக்கு தகவல் அனுப்பணும், பொம்பளைங்க கொழந்தைங்கன்னா 3 நாள். அனுப்புனீங்களான்னு கேட்டா மேனேஜர் லீவு.

இது என்ன பெரிய விஷயம்னு கேக்குறவங்களுக்கு, எங்க பக்கந்தான் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, அங்க ஒரு மனநல காப்பகத்துல தீப்பிடிச்சப்ப, சங்கிலில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம 28 பேர் தீயில செத்தாங்க. இப்ப சங்கிலி போடுறது சட்டப்படி குத்தம். இங்க சங்கிலி எல்லாம் இல்ல, அத சொல்லிடணும், வார்டு சுத்தம், நைட்டு நர்ஸ் அண்ணன் ஒருத்தர் தம்பிக்கு முன்னாடி தானே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டி சாப்பிட வச்சாரு, அவருக்கே தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

பச்ச கலர் யூனிஃபார்ம் குடுத்தாங்க, சொந்த துணி போட்டுக்கற உரிமை சட்டத்துலயே இருக்குன்னு சொன்னதும் முணுமுணுத்துட்டே அவனோட சிஎஸ்கே டீஷர்ட்ட உள்ள விட்டாங்க. அம்மாவுக்கு ஷாக் குடுத்துருவாங்களோன்னு ஒரே பயம், சினிமா பாத்த பயம். மயக்க மருந்தும் தசைய தளர்த்துற மருந்தும் இல்லாம குடுக்கவே கூடாதுன்னு தடை இருக்கு, தம்பிக்கு அது தேவையும் படல, மாத்திரைலயே தெளிஞ்சுட்டான்.

தெளிஞ்சப்புறம் அவனே சம்மதிச்சு தங்குற பேஷண்ட்டா மாத்தச் சொன்னோம். வாரா வாரம் அவனால முடிவெடுக்க முடியுதான்னு பாக்கணும்ங்கறது ரூல். ஆபீஸ்ல இழுத்தடிச்சாங்க, ஏன்னா அப்படி மாத்திட்டா அவன் கெளம்புறேன்னு சொன்னா விட்டாகணும், செக் பண்றதுக்குன்னு 24 மணி நேரம்தான் நிறுத்தி வைக்க முடியும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்ப அவர்கிட்டயே நேரா சொன்னோம், அன்னைக்கே மாத்திட்டாங்க. தம்பி கெளம்பல, அவனாவே கூட கொஞ்ச நாள் இருந்துட்டுத்தான் வந்தான்.

இன்சூரன்ஸ் கேஷ்லெஸ் கெடையாதுன்னுட்டாங்க, உடம்பு வியாதிக்கு மாதிரியே இதுக்கும் பாலிசி இருக்கணும்னு சட்டம் சொல்லுது, அதனால பின்னாடி க்ளெய்ம் பண்ண பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரிஜினலா கேட்டு வாங்கிக்கங்க, கேக்காட்டி சம்மரி மட்டுந்தான் தருவாங்க. கேன்டீன்ல இட்லி பரவால்ல, காபி வேணாம்.