புரோபுஃபினா, சப்லோகேடா?

ரெண்டுலயும் மருந்து ஒண்ணுதான், பியூப்ரெனார்ஃபின், ஹெராயின் மாதிரி பழக்கத்துல இருந்து மீளுறவங்களுக்குக் குடுக்கறது. அமெரிக்காவுல 2016-ல அனுமதி வாங்குன புரோபுஃபின், தீக்குச்சி சைஸ்ல 4 குச்சி, மேல்கையில தோலுக்கு அடியில வச்சாங்க, 6 மாசம் மருந்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சுட்டே இருந்துச்சு, தினமும் மாத்திரை ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்லாம இருந்துச்சு, திருடு போகும்ங்கிற பயமும் இல்லாம இருந்துச்சு. ஆனா வைக்கவும் எடுக்கவும் சின்ன ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு, அதுவும் தினசரி மாத்திரை டோஸ் 8 மில்லிகிராமுக்குள்ள நிலையா இருந்தவங்களுக்கு மட்டும்தான் குடுத்தாங்க.

சப்லோகேட் 2017-ல வந்துச்சு, மாசம் ஒரு ஊசி, முதல் ரெண்டும் 300 மில்லிகிராம், அப்புறம் பொதுவா 100. மாசாமாசம் போகணும்தான், ஆனா கத்தி வைக்க வேணாம், என் ஓட்டு இதுக்குத்தான். புரோபுஃபின் விற்பனைய 2020-ல அமெரிக்காவுல நிறுத்திட்டாங்க, 6 மாச நிம்மதி கிடைச்சவங்கள நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கு.