வெட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்: ஏஐ முகவருடன் 14 மாதக் காணொளித் தொகுப்பு

நான் தொகுப்பவை கணிதப் பாடக் காணொளிகள். ஒரு பாடம் 48 நிமிடம் பதிவாகிறது. மாணவர்களிடம் போகும்போது அது 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். 14 மாதங்களாக முதல் சுற்று வெட்டை ஓர் ஏஐ முகவரிடம், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்துதரும் செயற்கை நுண்ணறிவு நிரலிடம், விட்டிருக்கிறேன். காணொளிக் கோப்பை அந்த முகவர் தொடுவதே இல்லை. எந்தப் பதிவில் எங்கே தொடங்கி எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும், எந்த டிராக்கில் (படம் அல்லது ஒலி ஓடும் அடுக்கில்), எதற்கு அடுத்து எது என்று ஒரு காலக்கோட்டை ஜேசன் என்ற எழுத்து வடிவக் கோப்பாக எழுதித் தருகிறது. என் சிறிய நிரல் அதைச் சரிபார்த்த பிறகே, கட்டளை வரியில் இயங்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளிக் கருவி ரெண்டர் செய்கிறது, அதாவது இறுதிக் காணொளியை உருவாக்குகிறது.

முதல் இரண்டு மாதம் இப்படி இல்லை. எஃப்எஃப்எம்பெக் கட்டளையையே முகவரிடம் எழுதச் சொன்னேன். திரை முழுக்க நீளும் ஒற்றை வரி வரும். ஏழாவது வெட்டை அரை நொடி தள்ளச் சொன்னால் முழுக் கட்டளையையும் புதிதாக எழுதிவிடும். நான் முன்பே ஒப்புக்கொண்ட வேறு வெட்டுகள் அதில் சத்தமில்லாமல் நகர்ந்திருக்கும். ரெண்டர் முடிந்து, பாடம் முழுவதையும் மறுபடி பார்த்தால்தான் அது தெரியவரும். அந்த நாட்களில் கைத்தொகுப்பைவிட அதிக நேரம் செலவானது.

வெட்டுகளை எழுத்தில் வைப்பது ஏஐ காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. நாடாவில் தொகுத்த காலத்திலேயே சிஎம்எக்ஸ் 3600 வடிவத்தில் ஈடிஎல் என்ற வெட்டுப் பட்டியல் இருந்தது: நிகழ்வு எண், நாடாவின் பெயர், தொடக்கம், முடிவு, எல்லாம் வெறும் எழுத்துக் கோப்பில். நான் எடுத்துக்கொண்டது ஓப்பன்டைம்லைன்ஐஓ என்ற காலக்கோட்டு வடிவம். பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் தொடங்கி, இப்போது அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் கீழ் வளரும் திறந்த மூலத் திட்டம் அது. அதன் ஒவ்வொரு கிளிப்பிலும் (காணொளித் துண்டிலும்) நாம் விரும்பியதை எழுதிவைக்க மெட்டாடேட்டா என்று ஓர் இடம் உண்டு. அங்கே ‘காரணம்’ என்றொரு புலத்தைக் கட்டாயமாக்கினேன். ‘இதே விளக்கம் முன்பே வந்துவிட்டது’, ‘இருமல்’, ‘பலகையை அழிக்கிறார்’ என்று முகவர் எழுதுகிறது. இந்த ஒரு புலம் என் வேலையையே மாற்றிவிட்டது. முன்பு காணொளியைப் பார்த்து வெட்டை ஊகித்தேன். இப்போது காரணத்தைப் படிக்கிறேன், ஐயம் வந்த இடத்தை மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன்.

நேரக்கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். நொடிக்கு 29.97 படங்கள் என்று நாம் சொல்லும் ஃப்ரேம் வேகம் உண்மையில் 30000/1001. அதை 30 என்று வைத்துக் கணக்கிட்டால், 48 நிமிடப் பதிவின் முடிவில் ஏறத்தாழ 2.9 நொடி விலகிவிடும். உதடு ஒன்று சொல்ல, ஒலி வேறொன்று சொல்லும். ஓப்பன்டைம்லைன்ஐஓ நேரத்தை எண்ணிக்கை, வேகம் என இரண்டு எண்களாக வைப்பதும், முடிவுக்குப் பதிலாகக் கால அளவைக் கேட்பதும் வீண் நுணுக்கங்கள் அல்ல. பின்னதால் ‘கடைசி ஃப்ரேம் சேருமா, சேராதா’ என்ற குழப்பம் எழுவதே இல்லை.

அப்படியும் முகவர் கூட்டல் கழித்தலில் தவறியது. 48 நிமிடப் பதிவில் 49ஆவது நிமிடத்தைக் கேட்ட நாளும் உண்டு. அதன் பிறகு நேரத்தை எழுதும் பொறுப்பையே அதனிடமிருந்து எடுத்துவிட்டேன். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கருவி தரும் எழுத்துப்படியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் இட்டுவைக்கிறேன். ‘412ஆம் சொல் முதல் 530ஆம் சொல் வரை’ என்று முகவர் சொன்னால் போதும். அதை ஃப்ரேமாக மாற்றுவது நிரலின் வேலை. யாராவது என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன். கைப்பேசியில் எடுத்த பதிவாக இருந்தால், மாறிக்கொண்டே இருக்கும் ஃப்ரேம் வேகத்தை நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பேச்சுக்கு இன்னொரு கவனம் தேவை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது. ஆம், இல்லை, கேள்வி எல்லாம் அதன் வாலில் இருக்கிறது. ‘வகுக்கலாமா’ என்று தாழ்ந்த குரலில் முடித்த சொல், வால் வெட்டுப்பட்டு ‘வகுக்கலாம்’ என்று ஒலித்தது. அதுவும் பூச்சியத்தால் வகுப்பதைப் பற்றிய பாடத்தில்! இப்போது ஒவ்வொரு துண்டின் முடிவிலும் எட்டு ஃப்ரேம் கூடுதலாக விடுகிறேன்.

வசன வரிகளில் முதலில் பயன்படுத்திய கருவி ‘கொ’வின் கொம்பைத் தவறான பக்கத்தில் போட்டது. எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும் லிப்ஆஸ் என்ற வசன வரி நிரலகம் வழியாக எழுதியதும் சரியாகிவிட்டது.

மௌனத்தை அளவிடுவதில் முகவர் இன்றும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு நொடிக்கு மேற்பட்ட இடைவெளி எல்லாம் போக வேண்டும் என்ற விதியை நான்தான் கொடுத்தேன். பாடம் நடத்தும் ஆசிரியை பார்த்துவிட்டு, “கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தேனே, அந்த ஐந்து நொடி எங்கே?” என்று கேட்டார். மாணவர் யோசிக்க விட்ட நேரத்தை வெட்டி எறிந்திருந்தோம். இப்போது கேள்விக்குப் பின்வரும் மௌனம் தொடப்படுவதில்லை. பேச்சில்லாத இடங்களிலிருந்து சில ஃப்ரேம்களைப் படமாக எடுத்து முகவருக்குக் காட்டுகிறேன். அவர் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தால் அதற்குத் தெரிய வேண்டும் அல்லவா?

திருத்தத்துக்கு ஒரே நிபந்தனை: நான் குறிப்பிடாத கிளிப்பில் ஓர் எழுத்து மாறினாலும் நிரல் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். பழைய தலைவலி அதோடு தீர்ந்தது. ஒரு பாடத்துக்கு ஒரு நாள் போன இடத்தில், பார்வையிடுவதையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகிறது.

அண்மையில் காரணப் பட்டியலை ஆசிரியைக்கும் அனுப்பத் தொடங்கினேன். கடந்த பாடத்தில் 17ஆம் வெட்டுக்கு முகவர் எழுதிய காரணம், ‘குறியில் பிழை, பின்னர் அவரே திருத்துகிறார்’. அதன் கீழே அவர் எழுதியிருந்தார்: “இதை வெட்ட வேண்டாம். மாணவர்கள் இதே பிழையைத்தான் செய்வார்கள்.” அந்த 40 நொடியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.