போட்டில் ஸ்பீக்கர் மாட்டக் கொடுத்திருக்கிறீர்களா? முதலில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

விசைப்படகு வைத்திருக்கிற எல்லாரும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வருஷத்து மராமத்து மொத்தமும் அந்த 61 நாளுக்குள் முடியணும். நமக்கு அவசரம் என்று தெரிந்தேதான் சில பேர் ஹார்பருக்குள் வேலை கேட்டு வருகிறார்கள்.

எங்களுடையது காசிமேட்டில் தங்கல் தொழிலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிற போட். வீல்ஹவுஸில் ஸ்டீரியோ செட்டும் இரண்டு ஸ்பீக்கரும் ஏற்கெனவே உண்டு. பின்னால் வலை இழுக்கிற பசங்களுக்குப் பாட்டு கேட்கவில்லை என்பதால் இன்னும் இரண்டு மாட்டச் சொன்னோம். கார் ஆடியோ வேலை செய்கிற ஒருவர் வந்தார். "அண்ணே, உப்புக்காத்து தாங்குற மெரைன் ஸ்பீக்கர், ஈயம் பூசின செம்பு வயர், எல்லாம் ஒரிஜினல்" என்றார். 24 ஆயிரம் வாங்கிக்கொண்டார். பில் கடைசி வரை வரவில்லை.

நடுக்கடலில் நங்கூரம் போட்டுக் கிடந்துவிட்டு, விடியற்காலை இன்ஜினைத் தட்டினால் ஸ்டார்ட்டர் 'டக்' என்றதோடு சரி. காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, பக்கத்துப் போட்காரர்கள் பேட்டரி கொடுத்த பிறகுதான் இன்ஜின் ஓடியது. அவர்கள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

கரைக்கு வந்து வேறு எலக்ட்ரீஷியனை வைத்துப் பிரித்துப் பார்த்தோம். போட் 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸில். ஸ்டீரியோவுக்கு 12 வோல்ட் வேண்டும். முன்பு அதற்கென்று இருந்த, 24 வோல்ட்டை 12 ஆக்குகிற கன்வர்ட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இரண்டில் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் நேராக லைன் இழுத்திருக்கிறார். ராத்திரி முழுக்கப் பாட்டு ஓடினால் அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்தே சார்ஜ் பண்ணுவதால் இறங்கினது நிரம்பவே நிரம்பாது, மற்றது அளவுக்கு மேல் ஏறிக் கொதிக்கும். எங்கள் பெட்டியில் ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றில் தண்ணீர் வற்றிப் பிளேட் வெளியே தெரிந்தது. இரண்டுமே போச்சு.

அந்த லைனில் ஃபியூஸ் கிடையாது. இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. டீசல் டேங்க் பக்கத்தில் இருக்கிற பேட்டரி, அதிர்கிற இன்ஜின் ரூம், இரும்பில் உரசிக்கொண்டு போகிற வயர். தோல் உரிந்து ஷார்ட் ஆகியிருந்தால் எட்டு உயிர் உள்ளே.

வயரைப் பிளேடால் சுரண்டினோம். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசின அலுமினியம்! அசல் ஈயம் பூசின வயர் இதற்கு நேர் தலைகீழ்: மேலே வெள்ளை, சுரண்டினால் செம்பு. ஜாயின்ட்டில் டேப்பைப் பிரித்தால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. ஸ்பீக்கரும் பேப்பர் கோன் போட்ட சாதாரண கார் ஸ்பீக்கர்தான், ஈரத்தில் நைந்துவிட்டது.

புது ஸ்பீக்கர்களை பழையதோடு பேரலலாகவே முறுக்கியிருந்தார். 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். செட்டின் முதுகில் 4 முதல் 8 ஓம் என்று அச்சடித்திருக்கிறது. ஓம் அதற்குக் கீழே குறைந்தால் செட்டுக்குச் சுமை கூடும். அதனால்தான் சூடாகிச் சூடாகி நின்றிருக்கிறது. பின் ஸ்பீக்கருக்கென்றே செட்டில் தனி வயர் இருந்தும், நீளமாக லைன் இழுக்கச் சோம்பல்பட்டு அதை மடக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார். போதாததற்கு, பழைய ஸ்பீக்கர் ஒன்றை திசைகாட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி மாட்டியிருந்தார். அந்தக் காந்தத்தில் முள் விலகி, ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகவில்லை என்று டிரைவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

போன் பண்ணிக் கேட்டால், "கடலுக்குப் போனா எல்லாம் கெட்டுப்போகத்தான்ணே செய்யும்" என்றார். பிறகு எடுக்கவே இல்லை.

அதே ஆள் இப்போதும் ஹார்பரில் வேலை பார்க்கிறார். சமீபத்தில் ஸ்பீக்கர் மாட்டினவர்கள் இன்றைக்கே பேட்டரிப் பெட்டியைத் திறங்கள். ஒற்றை பேட்டரியில் இருந்து லைன் போனாலோ, பாசிட்டிவ் பக்கம் ஃபியூஸ் இல்லாவிட்டாலோ, அந்த வயரைக் கழற்றிவிட்டுக் கடலுக்குப் போங்கள்.