நோசிக்கின் நூல்: உரிமைக்கான வாதமும் எழுதப்படாத மூன்றாம் விதியும்

அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974இல் வெளியிட்ட ‘அனார்க்கி, ஸ்டேட், அண்ட் யுடோபியா’ (அரசின்மை, அரசு, கற்பனை உலகம்) என்ற நூலை அண்மையில் இரண்டாம் முறையாக முழுமையாக வாசித்தேன். தனிமனித உரிமை, நீதி, அரசின் எல்லை ஆகியவை குறித்து தனிமனித சுதந்திரத்தை முதன்மையாக்கி அரசின் தலையீட்டைக் குறைக்கக் கோரும் லிபர்டேரியன் தரப்பிலிருந்து வந்தவற்றுள் இதைவிடக் கூர்மையான நூலை நான் வாசித்ததில்லை. ஆனால், அந்த நீதிக்கோட்பாட்டின் பாரத்தைத் தாங்க வேண்டிய மூன்று தூண்களில் ஒன்றை ஆசிரியர் எழுப்பவே இல்லை என்பதும் இம்முறை எனக்குத் தெளிவாயிற்று.

மற்றோர் அமெரிக்க மெய்யியலாளரான ஜான் ரால்ஸ் 1971இல் தன் நூலில் முன்வைத்த நீதிக்கோட்பாட்டுக்கான மறுமொழியாகவே இந்நூல் பெரும்பாலும் பேசப்படுகிறது. சமத்துவமின்மை இருக்கலாம், ஆனால் அது மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ளோருக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும் என்பது ரால்ஸின் நிலைப்பாடு. நோசிக் தொடங்கும் இடமே வேறு. மனிதர்களுக்கு உரிமைகள் உண்டு, எந்தத் தனியாளும் எந்தக் கூட்டமும் அவற்றை மீறக் கூடாது என்று முன்னுரையின் முதல் வரியிலேயே அறிவித்துவிட்டு, அப்படியானால் அரசுக்கு என்ன வேலை மிஞ்சுகிறது என்று கேட்கிறார். வன்முறை, திருட்டு, மோசடி ஆகியவற்றிலிருந்து மக்களைக் காப்பதும் ஒப்பந்தங்களை நிறைவேற்றுவிப்பதும் மட்டுமே அரசின் வேலை என்பது அவர் அடையும் முடிவு.

மூன்று பகுதிகளில் முதலாவது, அரசே வேண்டாம் என்போருக்கான பதில். பணம் பெற்றுக்கொண்டு பாதுகாப்பளிக்கும் நிறுவனங்கள் பல இருந்தால், காலப்போக்கில் ஒன்று ஓங்கி, யாரும் திட்டமிடாமலேயே அரசைப் போன்றதாகிவிடும் என்று அவர் காட்டுகிறார். யோசனை அழகானது. ஆனால் அபாயம், இழப்பீடு ஆகியவை பற்றிய நான்காம் அத்தியாயம் வாசகரின் பொறுமையை மிகவும் சோதிக்கிறது. எந்த நிறுவனத்திலும் சேராமல் தனித்து நிற்க விரும்புவோர் தாமே நீதி வழங்கிக்கொள்வதைத் தடுத்துவிட்டு இழப்பீடு கொடுத்தால் உரிமை மீறல் ஆகாது என்ற வாதம் எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை.

நூலின் உயிர் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒருவர் வைத்திருப்பது நியாயமானதா என்பதை அது எந்த வழியாக அவரிடம் வந்தது என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்கிறார் நோசிக். யாருக்கும் சொந்தமில்லாததை முறையாகக் கைக்கொள்வது முதல் விதி. விருப்பத்தின் பேரில் கைமாற்றுவது இரண்டாம் விதி. இவ்விரண்டும் மீறப்பட்ட இடங்களில் நடந்த அநீதியைச் சரிசெய்வது மூன்றாம் விதி. இரண்டாம் விதியை விளக்கவே புகழ்பெற்ற கூடைப்பந்து எடுத்துக்காட்டு வருகிறது. உங்களுக்கு எந்தப் பங்கீடு நியாயமாகத் தோன்றுகிறதோ, அதிலிருந்தே தொடங்குங்கள் என்கிறார். புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைனின் ஆட்டத்தைப் பார்க்க வரும் ஒவ்வொருவரும் அவர் பெயர் எழுதிய பெட்டியில் தனியாக 25 சென்ட் போடுகிறார். ஒரு பருவத்தில் 10 லட்சம் பேர் வர, அவர் கையில் 2,50,000 டாலர் சேர்கிறது. முதல் பங்கீடு நியாயமானது, ஒவ்வொரு காசும் மனமுவந்து கொடுக்கப்பட்டது என்றால், இறுதி நிலை மட்டும் எப்படி அநியாயமாகும்? ஒரு குறிப்பிட்ட பங்கீட்டைக் கட்டிக்காக்க வேண்டுமென்றால், மக்களின் அன்றாடத் தேர்வுகளில் இடைவிடாமல் தலையிட்டாக வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

இந்த வாதத்தின் வலிமையை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், மார்க்சிய மெய்யியலாளர் ஜி. ஏ. கோஹென் சுட்டிக்காட்டியதைப் போல, 25 சென்ட் போட்டவர்கள் ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்குத்தான் சம்மதித்தார்களே தவிர, அச்செல்வத்தால் பின்னர் உருவாகும் அதிகார ஏற்றத்தாழ்வுக்குச் சம்மதிக்கவில்லை. இன்னும் பிறக்காத குழந்தைகளோ எதற்குமே சம்மதித்தவர்கள் அல்லர்.

இம்முறை நான் நெடுநேரம் நின்ற பக்கங்கள் அதே அத்தியாயத்தின் பிற்பகுதியில் உள்ளவை. திறமை பிறப்பால் வாய்க்கிறது, முயற்சி செய்யும் குணம்கூட வளர்ந்த குடும்பத்தைப் பொறுத்து அமைகிறது, ஆகவே அவற்றின் பலனுக்குத் தகுதி கோர இயலாது என்ற ரால்ஸின் சிந்தனையை நோசிக் இங்கே எதிர்கொள்கிறார். பத்தாண்டுகளாக விடியலில் எழுந்து வயலின் பயின்ற ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளது விரல்களின் நுட்பம் பெற்றோரிடமிருந்து வந்தது, விடாமுயற்சி வளர்ப்பிலிருந்து வந்தது, வாய்ப்பு சூழலிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால், இன்று காலை எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்த அவள் எங்கே? மனிதரைப் பற்றிய குறிப்பிடத்தக்க அனைத்தையும் புறக்காரணங்களின் கணக்கில் எழுதிவிடும் கோட்பாடு, மனித கண்ணியத்தைக் காப்பதாக எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும் என்பதே நோசிக்கின் கேள்வி. தகுதிக்கு அடிப்படையாக உள்ளவற்றையும் நாம் தகுதியால் ஈட்டியிருக்க வேண்டும், அவற்றின் அடிப்படையையும் அவ்வாறே என்று அடிவரை தோண்டிக்கொண்டே போக வேண்டிய கட்டாயம் இல்லை என்று அவர் சேர்க்கும் வாக்கியம், நூலிலேயே நான் மிகவும் மதிக்கும் வாக்கியம்.

ஆனால் சுயவிருப்பம் என்ற ஒன்று உண்மையில் உண்டா என்ற விதி–மதி வழக்கை அவர் இங்கே நடத்தவில்லை என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். ‘லிபர்டேரியன்’ என்ற சொல் மெய்யியலில் மற்றொரு கொள்கைக்கும் பெயராக வழங்குகிறது: நமது முடிவுகள் முற்காரணங்களால் முழுமையாகத் தீர்மானிக்கப்பட்டவை அல்ல என்பதே அது. அரசியல் கொள்கையை ஏற்பவர் இதையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு இந்நூலை எடுப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். உரிமைகளுக்கு அடிப்படை எது என்று மூன்றாம் அத்தியாயத்தில் கேட்கும் நோசிக், பகுத்தறிவு, சுயவிருப்பம், அறவுணர்வு என ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய்ந்து, தன் வாழ்வை முழுமையாக நோக்கி அதற்கோர் அர்த்தம் கொடுத்து நடத்தும் ஆற்றலே அடிப்படை என்று குறிப்பு காட்டிவிட்டு, விரிவான விளக்கத்தைப் பிறகு பார்ப்போம் என்று நகர்கிறார். சுயவிருப்பம் பற்றி அவர் விரிவாக எழுதியது 1981இல் வெளிவந்த அடுத்த நூலில்தான்.

இனி, எழுப்பப்படாத அந்தத் தூண்: அநீதியைச் சரிசெய்யும் மூன்றாம் விதி. ஒரு நிலம் வன்முறையால் பறிக்கப்படுகிறது. பின்னர் நான்கு முறை சட்டப்படி விற்கப்பட்டு, எதுவும் அறியாத ஒருவரிடம் வந்து சேர்கிறது. பறிகொடுத்தவரின் பேத்தி இன்று அதே நிலத்தில் கூலி வேலை செய்கிறாள். அவளுக்குச் சேர வேண்டியது என்ன, அதை யார் கொடுக்க வேண்டும், எத்தனை தலைமுறை பின்னோக்கிச் செல்ல வேண்டும்? இக்கேள்விகளை நோசிக்கும் நேர்மையாகவே எழுப்புகிறார், பதில் மட்டும் இல்லை. பழைய அநீதிகளின் வரலாறு தெரியாதபோது, மிகவும் பின்தங்கியோரின் நிலையை இயன்றவரை உயர்த்துவது தோராயமான பரிகாரமாக இருக்கலாம் என்று அவர் ஓரிடத்தில் சொல்வதைக் கவனியுங்கள்; எந்த ரால்ஸை மறுக்கப் புறப்பட்டாரோ, அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். கடந்தகால அநீதி பெரிதாக இருந்தால் தற்காலிகமாகப் பெரிய அரசுகூடத் தேவைப்படலாம் என்றும் அத்தியாய முடிவில் ஒப்புக்கொள்கிறார். வரி விதிப்பு கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்ற அவரது வரியை மேற்கோள் காட்டும் பலர் இப்பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கைமாறிய சொத்தின் தூய்மை அது முதலில் வந்த வழியைப் பொறுத்தது என்று கற்பித்ததே இந்த நூல்தான்.

கற்பனை உலகம் பற்றிய மூன்றாம் பகுதி சுருக்கமானது, இனிமையானது. அவரவர் விரும்பிய சமூகத்தை அவரவரே அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். மொழிநடையில் கணிதக் குறியீடுகளும் நீண்ட அடிக்குறிப்புகளும் குறுக்கிட்டாலும், தன் வாதத்தின் ஓட்டைகளைத் தானே விரல் வைத்துக் காட்டும் ஆசிரியரின் பண்பு வாசகரைச் சோர்வடைய விடுவதில்லை. முதன்முறை வாசிப்போர் ஏழாம் அத்தியாயத்தில் தொடங்கி, மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பி, அதன்பின் முதல் பக்கத்துக்குச் செல்வது நல்லது. ரால்ஸின் நூலை அருகிலேயே திறந்து வைத்துக்கொள்ளவும் வேண்டும்.