அன்னாசிக்கு எவ்வளவு இடைவெளி என்று கன்று விற்பவரிடம் கேட்காதீர்கள்

அரை ஏக்கரில் அன்னாசி போட்டு ஏமாந்துவிட்டேன். கன்று வாங்கப் போகிற யாராவது படித்துத் தப்பித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

விற்றவர் நிலத்துக்கே வந்து பார்த்துவிட்டு, "இருபதாயிரம் கன்று தாராளமாகப் பிடிக்கும், இடம் விட்டால் களைதான் வளரும், செடிக்கு ஒரு பழம், கணக்குப் போட்டுக்கோங்க" என்றார். க்யூ ரகம், பழம் இரண்டு கிலோ என்று போட்டோ வேறு காட்டினார். அவர் சொன்னபடியே செடிக்குச் செடி 22 செ.மீ., வரிசைக்கு வரிசை 45 செ.மீ. விட்டு நட்டேன்.

ஆறேழு மாதம் பச்சைப்பசேலென்று இருந்தது. அப்புறம்தான், இலைகள் விரிய இடமில்லாமல் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக, நெட்டுக்குத்தாக நீண்டுகொண்டே போனது கண்ணில் பட்டது. விலக்கிப் பார்த்தால் அடி இலையெல்லாம் மஞ்சள். உரம் வைக்க உள்ளே இறங்கினால் முழங்கால் வரை கீறல், அதனால் நடுவில் இருந்த செடிகளுக்கு உரம் ஒழுங்காகப் போகவே இல்லை.

கன்றிலும் கலப்படம். தாய்ச்செடியின் பக்கத்தில் முளைக்கும் 400-500 கிராம் பக்கக்கன்று என்று பணம் வாங்கிவிட்டு, மூட்டையின் நடுவில் பழத்தின் தலையிலிருக்கும் கொண்டைகளையும் பொடிக் கன்றுகளையும் திணித்திருந்தார். கொண்டையிலிருந்து வரும் செடி பூக்கப் பல மாதம் பிந்தும். நெருக்கத்தில் பெரியது சின்னதை அமுக்கிவிட்டது. எல்லாம் ஒன்றாகப் பூக்க எத்தஃபோன் என்ற மருந்தை ஊற்றும்போது செடியில் 35-40 இலையாவது இருக்க வேண்டும், பாதிச் செடிகளில் இல்லை.

பழம் 700, 800 கிராம்தான். அறுத்தால் புளிப்புத் தூக்கல். வியாபாரி ஒரு கிலோவுக்கு மேல் இருந்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டார்.

நெருக்கி நடுவதே தப்பு என்று சொல்லவில்லை. செடி கூடக்கூடப் பழம் சிறுக்கும், ஆனாலும் ஓர் அளவு வரை மொத்த மகசூல் ஏறும். களை குறையும், பழத்தில் வெயில் சுடாது. வழக்கமான இரட்டை வரிசையில் செடிக்குச் செடி 30 செ.மீ., ஜோடி வரிசைக்குள் 60, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே 90. ஹெக்டேருக்குச் சுமார் 44,000 செடி வரும், 30-ஐ 25 ஆக்கினால் 53,000. அந்தக் கணக்கில் என் அரை ஏக்கருக்கு 9,000 முதல் 11,000 கன்று போதும். இருமடங்கு என் தலையில் கட்டிவிட்டார்.

போனில் கேட்டால் "பராமரிப்பு பத்தலை" என்கிறார். அதே மண், அதே தண்ணீர், ஆனால் வரப்போரச் செடிகளில் மட்டும் ஒன்றேகால், ஒன்றரை கிலோ பழம் எப்படி வந்தது என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

இப்போது மறுதாம்புக்காக, அதாவது அறுத்த செடியிலிருந்தே வரும் அடுத்த விளைச்சலுக்காக, மூன்றில் ஒரு வரிசையைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். எடுத்த இடமெல்லாம் 90 செ.மீ. வழியாகிவிட்டது. நேற்றுதான் முதல் தடவையாகக் கால் கீறாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தேன்.